தீட்டு நாட்களின் மாத்திரை

இப்போது நன்றாக இருக்கிறேன். இதே தொல்லையோடு இதைப் படிக்கும் பெண்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. காலையில் கண்ணிமை வீங்கிக் கிடப்பதில்லை. மாதவிடாய் இன்னும் தன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது. ஆனால் வந்தால் போகவும் செய்கிறது. இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். வரிசைப்படுத்தாமல் எனக்கு யோசிக்க வராது.

கள்ளக்குறிச்சிக்கு அருகே ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வரும் கரும்பின் சாற்றில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வது என் பொறுப்பு. வயது முப்பத்தொன்பது. கணவர் சேகர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். வாரம் முழுவதும் மலையிலேயே தங்கி, சனிக்கிழமை பேருந்தில் இறங்கி வருவார். மகன் விடுதியில் படிக்கிறான். அப்பா இறந்த பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள். ஆக, வார நாட்களில் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

தைராய்டுக் குறைவு எனக்கு முதலில் வந்தது. முடி கொட்டியது, தோல் வறண்டது, சித்திரை வெயிலிலும் ஆய்வகத்து ஏ.சி. குளிர்ந்தது, குரல் கட்டையானது, எடை ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சோர்வு. தூங்கி எழுந்தால் போகிற சோர்வு இல்லை. எழும்போதே கூட வருகிற சோர்வு. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். என்ற எண் ஏறியிருந்தது. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் விளக்குகிறேன். ஆலையில் கொதிகலனில் நீராவி குறைந்தால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் மேல் போன் வரும். கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பிதான் கொதிகலன். அது சோம்பினால், மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதற்குப் போடுகிற போன்தான் டி.எஸ்.எச். எனவே அந்த எண் ஏறினால் தைராய்டு குறைந்திருக்கிறது என்று பொருள்.

மருந்து எளிமையானது. சுரப்பி தராததை மாத்திரையாகத் தருகிறார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அதன் பிறகு அரை மணிக்கு மேல் கழித்துத்தான் காபி. தினமும், அநேகமாக வாழ்நாள் முழுவதும். இரண்டு வருடம் இது ஒழுங்காக நடந்தது. எண் இறங்கியது, நானும் தேறினேன்.

பிறகு மாதவிடாய் மாறியது. முதலில் நாள் தள்ளியது. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்தது. வந்தால் நிற்க மறுத்தது. நெஞ்சிலிருந்து ஒரு வெப்பம் கிளம்பி முகத்தில் ஏறி, கழுத்து நனைந்து, அதே வேகத்தில் அடங்கும். மாதவிடாய் முழுதாக நின்றுபோவது மெனோபாஸ். அதற்கு முந்தைய சில ஆண்டுகளுக்குப் பெரிமெனோபாஸ் என்று பெயர். சினைப்பை ஒரு மாதம் வேலை செய்யும், ஒரு மாதம் செய்யாது. கருமுட்டை வெளியேறாத மாதத்தில், கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போய், ஒரு நாள் மொத்தமாக இறங்குகிறது. நாற்பதுகளில்தான் பெரும்பாலும் வரும். முன்னாலும் வரலாம் என்றார் துருகம் சாலையில் நான் காட்டிக்கொண்டிருந்த கிளினிக் டாக்டர். தைராய்டுக் குறைவும் பெரிமெனோபாசும் ஒன்றின் முகமூடியை மற்றொன்று போட்டுக்கொள்ளும். சோர்வு, மறதி, எரிச்சல், தூக்கமின்மை, முடி உதிர்தல் எல்லாம் இரண்டிலும் உண்டு. எது எதனால் என்று பரிசோதனை இல்லாமல் சொல்ல முடியாது. தைராய்டு சரியாக இல்லாவிட்டால் உதிரப்போக்கும் கூடும்.

இங்கே எங்கள் வீட்டு முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சமையலறைக்குள்ளேயே சாமி அலமாரி இருக்கிறது. தீட்டு நாட்களில் நான் அதற்குள் போவதில்லை. முன்னறையில் எனக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் இதற்கு ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்களில் எனக்குச் சமையல் இல்லை, பாத்திரம் இல்லை. வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற பெண்ணுக்கு அது ஒரு விடுப்பு. அம்மாவுக்கு நிம்மதி, எனக்கு ஓய்வு, அதனால் வாதாடவில்லை.

மாத்திரைப் பாட்டிலைச் சூடு படாமல் வைக்கச் சொன்னதால் சமையலறை ஃபிரிட்ஜின் கதவில் வைத்திருந்தேன். மற்ற நாட்களில் நானே எடுத்துப் போட்டுக்கொள்வேன். தீட்டு நாட்களில் அம்மா எடுத்து வருவாள். இருட்டு பிரியாத நேரம். கை படாமல் மேலிருந்து என் உள்ளங்கையில் போடுவாள். நான் அரைத் தூக்கத்தில் அண்ணாந்து வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுப்பேன். அம்மா ஒரு நாளும் மறந்ததில்லை. மழை பெய்தாலும், அவளுக்கே காய்ச்சல் என்றாலும் வந்து போடுவாள். அலுவலகத்தில் சக பெண்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதற்கடுத்த முறை இன்னும் ஏறியிருந்தது. மீண்டும் கூட்டினார். சில நாட்கள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். சில நாட்கள் கையைத் தூக்கவே முடியாது.

என் தொழிலில் ஒரு அளவு நம்பும்படி இல்லாவிட்டால் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். வேறு ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தேன். எண் கிட்டத்தட்ட அதேதான். அடுத்து பொருளைச் சந்தேகிக்க வேண்டும். மருந்துக் கடையை மாற்றினேன், வேறு கம்பெனி மாத்திரை வாங்கினேன். அடுத்து முறையைச் சந்தேகிக்க வேண்டும். காபியை ஒரு மணி நேரம் தள்ளினேன். ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மதியத்துக்கு மாற்றினேன். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் தைராய்டு மாத்திரையோடு சேர்ந்து போனால் அதை உடம்பில் சேரவிடாது, நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும் சரிபார்த்தேன். சந்தேகப்படாத ஒரே இடம் அம்மாவின் கை.

தை மாதம், ஆலையில் அரவை உச்சத்தில் இருந்தபோது, ஆய்வகத் தரையில் விழுந்தேன். எழுப்பிவிட்டவர்கள் கறைபட்டிருந்த என் நாற்காலியைப் பார்த்துவிட்டு ஒரு பெட்ஷீட்டைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஹீமோகுளோபின் ஆறுக்கும் கீழே இருந்தது. ரத்தத்தின் சிவப்பு நிறத்துக்குக் காரணமான, மூச்சுக் காற்றைச் சுமந்து போகிற பொருள் அது. பெண்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள்.

அட்மிஷன் எழுதிய இளம் டாக்டர் என் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிராமலே கேட்டார்.

"மாத்திரை ஒழுங்கா போடறது இல்லியா?"

"தினமும் போடறேன் சார்."

"போட்டா இப்படி இருக்காதும்மா. இந்த டோஸுக்கு இந்த நம்பர் வராது. டாக்டர்கிட்ட பொய் சொன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்."

என்னை யாரும் அதுவரை பொய் சொல்கிறவள் என்று சொன்னதில்லை. பக்கத்தில் நின்றிருந்த அம்மா முன்னால் வந்தாள்.

"இல்லீங்க டாக்டரு. நாந்தான் என் கையால குடுக்கறன். ஒரு நாளு தப்பாது."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். தீட்டு என்பது நினைவு வந்து விட்டுவிட்டேன்.

வார்டில் என் பக்கத்துக் கட்டில் அஞ்சலை அக்கா. ரிஷிவந்தியம் பக்கத்து ஊர், அறுவடை வேலைக்குப் போகிறவர். கட்டிக்காகக் கருப்பை அகற்றி மூன்றாம் நாள். சிரிக்கக் கூடாது, தையல் இழுக்கும் என்று சிஸ்டர் எச்சரித்திருந்தும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"நாலு புள்ளய சொமந்த பைம்மா அது. எடுத்து ஒரு கிண்ணியில போட்டு எங்க வூட்டுக்காரருகிட்ட காட்டனாங்களாம். அந்தாளு மயக்கம் போட்டு வுழுந்துட்டாரு. அவருக்கு ஒரு பாட்டில் ஏத்தனாங்க. எனுக்கு வந்த கட்டில்ல மொதல்ல அவருதான் படுத்தாரு."

"வலிக்குதாக்கா?"

"வலிக்குது. வுட்டுதுடா சனியன்னும் இருக்குது. உனுக்கு இன்னா சொல்றாங்க?"

எனக்கு என்ன சொன்னார்கள் என்பது அடுத்தடுத்த நாட்களில் வந்தது. முதலில் ஸ்கேன். கருப்பையின் உட்சுவர் தடித்திருந்தது. பிறகு பயாப்சி: மெல்லிய குழாயை உள்ளே விட்டு உட்சுவரிலிருந்து துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யத்தான், பயப்படாதே என்றார் மகப்பேறு பிரிவுத் தலைவராக இருந்த மேடம். பயப்படாதே என்று சொல்லப்பட்ட பிறகு வருகிற பயத்துக்குத் தனி குணம் உண்டு. முடிவு வரும்வரை நான் ஒன்றும் கேட்கவில்லை, யாரோடும் அதைப் பேசவில்லை. மின்விசிறியின் இறக்கை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, மகனுக்கு எந்தெந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்று யோசித்தேன்.

சேகர் விடுப்புப் போட்டுவிட்டு மலையிலிருந்து வந்துவிட்டார். என் கறைபட்ட பாவாடைகளை வாளியில் எடுத்துப்போய் வராந்தா குழாயடியில் துவைத்தார். மற்ற நோயாளிகளுக்குத் துணைக்கு வந்த ஆண்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், "வாத்தியாரு, பொம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்று கேட்டாராம். "இருக்கறாங்க. அவங்களுக்கு வேற வேல இருக்குது," என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து துவைத்திருக்கிறார். அஞ்சலை அக்கா இதை ஜன்னல் வழியாகப் பார்த்து எனக்கு ஒலிபரப்பினார். "ந்தா, மூணாவது தபா அலசறாரு. எங்க ஆளா இருந்தா வாளியப் பாத்தே வுழுந்திருப்பாரு."

பயாப்சியில் புற்றுநோய் இல்லை. அன்று மட்டும் அழுதேன்.

ஆனால் உதிரம் நிற்கவில்லை. ரத்தம் ஏற்றினார்கள், ஒரு பக்கம் ஏற, ஒரு பக்கம் போனது. புதிதாக எடுத்த டி.எஸ்.எச். முன்னைவிட மோசமாக இருந்தது. மேடம் கட்டிலருகே நின்று நிதானமாகச் சொன்னார்.

"வளர்மதி, பொதுவா உங்க வயசுல நான் கருப்பையில கை வைக்க யோசிப்பேன். தைராய்டு கண்ட்ரோலுக்கு வந்தா பாதிப் பேருக்கு உதிரம் தானா அடங்கிடும். உங்களுக்கு இவ்வளவு டோஸ் குடுத்தும் வரல. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்கன்னு நீங்களும் சொல்றீங்க, அம்மாவும் சொல்றாங்க. அப்ப மாத்திரைய நம்பி காத்திருக்க முடியாது. ரத்தத்தை ஏத்தி, மயக்க மருந்து டாக்டர்கிட்ட பேசி, எடுத்துடலாம். தைராய்டு இந்த நிலையில மயக்கம் குடுக்கறதுலயும் ரிஸ்க் இருக்கு. அதையும் சொல்லிடறேன்."

மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறது என்ற ஒன்றை வைத்துத்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டது. அம்மா என் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். தலையை ஆட்டினாள்.

எனக்கு இன்னொரு குழந்தை வேண்டாம். கருப்பை என்பதைப் பற்றிப் பெரிய உணர்ச்சிகளும் இல்லை. ஆனால் மயக்க மருந்து பயமாக இருந்தது. வயிற்றைக் கிழித்துக்கொண்டு மாதக்கணக்கில் பளு தூக்காமல் கிடப்பது பயமாக இருந்தது. வேறு வழி இல்லையென்றால் செய்ய வேண்டியதுதான் என்று என்னையே தேற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

ஆஸ்பத்திரியிலும் தைராய்டு மாத்திரை வீட்டிலிருந்து கொண்டுவந்ததுதான். வெறும் வயிற்றில் கொடுத்துவிடுங்கள் என்று சிஸ்டர் துணைக்கு இருப்பவரிடம் சொல்லியிருந்தார். அம்மா பாட்டிலைத் தன் துணிப்பையில் வைத்திருந்தாள். வீட்டில் நடந்ததே இங்கேயும் நடந்தது: விடியும் முன், விளக்கு போடாத வார்டில், மேலிருந்து உள்ளங்கையில்.

சனிக்கிழமை காலை மட்டும் மாறியது. அம்மா மாத்திரையைக் கையில் போட்ட நொடியில் விளக்குகள் எரிந்தன. ரத்தம் எடுக்கிறவர் தட்டோடு உள்ளே வந்து, "தைராய்டு சாம்பிள் இருக்கறவங்க மாத்திர போடாதீங்க, எடுத்த பிறகு போடுங்க," என்றார். என் முறை வரும்வரை மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

அதற்கு ஒரு பக்கம் வளைவாக இருந்தது. மற்ற பக்கங்கள் வெட்டுப்பட்டு, ஓரம் பொடிந்திருந்தது. பெரிய மாத்திரை ஒன்றை உடைத்த துண்டு. தைராய்டு மாத்திரை சிறியது, முழு வட்டம். அதை நான் உடைத்துச் சாப்பிட்டதே இல்லை.

ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு அவர் நகர்ந்ததும், "அந்தப் பாட்டில குடும்மா," என்றேன்.

"எதுக்கு?"

"குடு."

பாட்டிலைத் திறந்து ஒன்றை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன். வெள்ளையில் வேறு வெள்ளை. அளவில் வேறு அளவு. ஒரு குழந்தைக்குக் கூடத் தெரியும்.

"இது இன்னாதும்மா?"

அம்மா பொய் சொல்லவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

"சுண்ணாம்பு சத்து மாத்திர. எனுக்கு முட்டி வலிக்குக் குடுத்தாங்களே, அது. ஒடம்புக்கு நல்லதுதான்."

"என் மாத்திர எங்க?"

"ஒதிரம் போற நாள்ல அது வேணாம்டி. அது சூடு. உனுக்கு முன்னெல்லாம் இப்பிடியா போய்க்கினு இருந்துச்சி? அந்த மாத்திர தின்ன ஆரம்பிச்ச பொறவுதான். சொன்னா நீ கேக்க மாட்ட. தீட்டு நாள்ல மட்டுந்தான் மாத்திக் குடுத்தன். மத்த நாளு நீயேதான எடுத்துப் போட்டுக்கற."

"மாசத்துல பாதி நாளுக்கு மேல எனக்குத் தீட்டுதானம்மா."

உதிரம் நீள நீள மாத்திரை இல்லாத நாட்களும் நீண்டன. மாத்திரை இல்லாமல் தைராய்டு குறைந்தது. தைராய்டு குறைய உதிரம் மேலும் நீண்டது. உதிரம் நீண்டதால் மாத்திரை மேலும் நின்றது. என் ஆய்வகத்தில் இப்படி ஒரு சுற்று ஓடினால் யாராவது ஒருவர் பிடித்திருப்பார்கள். அதைப் பிடிக்கக் கூடிய ஒரே ஆள் நான். அந்த ஆளைத்தான் அரைத் தூக்கத்தில் வைத்திருந்தார்கள்.

"அந்த டாக்டரு என்னப் பொய் சொல்றவன்னு சொன்னப்ப நீ பக்கத்துலதான இருந்த?"

"இருந்தன்."

"மேடம் எடுத்துடலாம்னு சொன்னப்ப?"

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எல்லாரும் பாக்கறாங்க. மெதுவா பேசு," என்றாள்.

நான் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அஞ்சலை அக்கா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேடம் சுற்றுக்கு வந்தபோது இரண்டு மாத்திரைகளையும் ஒரு காகிதத்தில் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், இல்லை. "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார். உதிரம் நீள ஆரம்பித்ததிலிருந்து என்று நான்தான் பதில் சொன்னேன். சீட்டில் திங்கட்கிழமை ஆபரேஷன் என்று எழுதியிருந்ததை அடித்தார். தைராய்டு மாத்திரையை இனி சிஸ்டர் கையால் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். உதிரத்தை அடக்க, கருப்பை உட்சுவரைக் கட்டுக்குள் வைக்கும் ஹார்மோன் மாத்திரைகளையும் தொடங்கினார். அந்த இளம் டாக்டர் மறுநாள் என் கட்டிலைத் தாண்டிப் போகும்போது நின்று, "சாரிங்க," என்றார். உண்மையில் அவர் சொன்னது சரிதான். மாத்திரை ஒழுங்காகப் போகவில்லை. பொய் சொன்னது யார் என்பதில்தான் அவருக்குத் தவறு.

அதற்குப் பிறகு நடந்ததில் திருப்பம் எதுவும் இல்லை. ஒரு வாரத்தில் உதிரம் குறைந்தது, பிறகு நின்றது. வீட்டுக்கு வந்தேன். பாட்டிலை என் பீரோவில் வைத்துக்கொண்டேன். தீட்டு வந்தபோது முன்னறையில் ஒதுங்காமல், என் பாயையும் தட்டையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

தேறியது மெதுவாகத்தான். தைராய்டு மாத்திரையின் பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். அதற்கு முன் ரத்தம் கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை. முதலில் முகவீக்கம் போனது. பிறகு குளிர் விட்டது. மூன்றாவதாக, நான் எதிர்பார்க்காத ஒன்று: சொற்கள் திரும்பி வந்தன. பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் சொல் தொலைந்துபோவது நின்றது. வெப்பம் எழும்புவது நிற்கவில்லை. பெரிமெனோபாஸ் தன் வழியில் போகிறது. அதற்குப் பருத்திச் சட்டை, காபியில் ஒரு வேளை குறைப்பு, சாயங்காலம் நடை. இவை எனக்கு உதவின. எல்லோருக்கும் உதவும் என்று சொல்லமாட்டேன். சொல்லக் கூடியது ஒன்றுதான். மாத்திரையைத் தின்னும் முன் வெளிச்சத்தில் பாருங்கள். கொடுப்பது யாராக இருந்தாலும்.

சேகர் சமாதானம் செய்யப் பார்த்தார். "அத்த வேணும்னு செய்யலியே வளரு. உன்மேல இருக்கற பாசத்துல..."

"வேணும்னுதாங்க செஞ்சாங்க. மறந்துபோய்ச் செய்யல. ஒவ்வொரு நாளும் எழுந்து, இருட்டுல கத்தி எடுத்து, மாத்திரைய வெட்டிச் செஞ்சாங்க."

அவர் திங்கட்கிழமை விடியற்காலை மலைக்குப் பேருந்து ஏறினார். வீட்டில் மறுபடி நானும் அம்மாவும்.

இரண்டாவது பரிசோதனை முடிவு வந்த அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"கொறஞ்சிருக்குதா?"

"சரியாயிடுச்சி."

"நான் குடுக்காததுனாலதான் ஜாஸ்தியாச்சா?"

"அதனாலதான்."

இல்லை, வேறு காரணமும் இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் இன்னும் இரண்டு மூன்று உரித்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கறம்மா. ஆப்பரேசன் நடந்திருந்தா அப்புறமாவது சொல்லியிருப்பியா?"

கை நின்றது. அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், எனக்குத் தெரியும் அந்த முகம்.

"மாட்டன்."

"எப்பவுமா?"

"எடுத்துட்டா ஒதிரம் நின்னுடும். நானும் மாத்திக் குடுக்க வேண்டியதில்ல. உனுக்கும் தெரிய வேண்டியதில்ல. நல்லபடியா எடுத்துடட்டும்னு அந்த ரெண்டு நாளும் சாமிய வேண்டிக்கினே இருந்தன்."

அந்த இரண்டு நாளும் அவள் உதடு அசைந்துகொண்டிருந்ததைக் கட்டிலிலிருந்து பார்த்திருக்கிறேன். என் உயிருக்காக வேண்டுகிறாள் என்று அப்போது நினைத்தேன். அதுவும் அதில் இருந்திருக்கும்.

காகிதத்தை மடித்தேன். அம்மா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சோறு போடட்டா?"

எனக்குப் பசித்தது. எத்தனையோ மாதங்களாக இல்லாத பசி. போடச் சொன்னேன்.